ஜவ்வு

கறிக்கடையில் நான் முப்பது வருஷமாகச் சொல்லிவரும் வாக்கியம் ஒன்றுதான்: "பாய், ஜவ்வு இல்லாமப் போடுங்க." பாய் தலையை ஆட்டுவார். கத்தி நுனியால் வெள்ளைப் படலம் ஒன்றை நிமிண்டி, இழுத்து, உரித்து, கட்டைக்குப் பின்னால் எறிவார். அதற்காகவே அங்கே ஒரு நாய் காத்திருக்கும்.

போன ஆடியில் ஒருநாள் பரணிலிருந்து புத்தகக் கட்டு ஒன்றை எடுக்கப்போனேன். வலது கை தோள் உயரத்துக்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதற்கு முன்பே மூன்று மாதமாக வலி இருந்தது. வயசு என்று விட்டிருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்த டாக்டர் சொன்னார்: "எலும்புல ஒண்ணும் இல்ல சார். சதையிலயும் கோளாறு தெரியல. மூட்டைச் சுத்திப் பை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும், அது இறுகிப்போச்சு. சுகர் இருக்கா?" இருந்தது. இத்தனை காலம் நாய்க்குப் போட்டது எனக்குள்ளிருந்து பேச ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழ்நாடு எவ்வளவு வைத்தியத்தை நடத்திவிடுகிறது! முட்டி வலிக்கும் பாட்டிக்கு ஜவ்வு தேய்ந்துவிட்டது. முதுகு பிடித்துக்கொண்ட லாரி டிரைவருக்கு ஜவ்வு விலகிவிட்டது. கிரிக்கெட் ஆடப்போய் நொண்டிக்கொண்டு வந்த பையனுக்கு ஜவ்வு கிழிந்துவிட்டது. மருத்துவம் படித்தவர்களுக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும். பாட்டிக்குத் தேய்ந்தது எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. டிரைவருக்கு விலகியது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு. பையனுக்குக் கிழிந்தது எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார். மூன்றும் மூன்று பொருள்தான். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் வைத்து வகை பிரித்தவர்களும் மூன்றையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். கறிக்கடைப் படலமும் அதே குடும்பம். தெரியாமல் பொதுவாகச் சொல்லிவைத்த சொல் தெரிந்தவர்களின் வகைப்பாட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. திருவிழாவில் கழியில் சுற்றி விற்கும் மிட்டாயையும், இடைவேளைக்குப் பிறகு நகராத சினிமாவையும் நாம் இதே சொல்லால்தான் சொல்கிறோம். இழுபடும், அறுபடாது.

பாடப்புத்தகத்தில் இதற்கு இணைப்புத் திசு என்று பெயர். எபிதீலியம், தசை, நரம்பு என்ற மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக வரும். அதன் கீழே எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, தசைநார், ரத்தம் என்று எழுதினால் மதிப்பெண் விழும். ரத்தம் எதை இணைக்கிறது, அது ஏன் இந்த வரிசையில் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. வாத்தியாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. திசு என்பது ஐரோப்பியச் சொல்லின் ஓசையை அப்படியே எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் அதற்கு நெய்தது என்று பொருள். மைக்ரோஸ்கோப்பை நம்பாமல், வெட்டியும் ஊறவைத்தும் வேகவைத்துமே உடம்பை 21 வகை நெசவுகளாகப் பிரித்தவர் சேவியர் பிஷா. 1802-ல் செத்துப்போனபோது அவருக்கு வயது 30. ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர் 1830-ல் இந்த நான்காவது வகைக்கு வைத்த பெயரைப் பிரித்தால் 'கட்டும் நெசவு' என்று வரும். நமக்கு ஓசை வந்தது, தறி வரவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்த இடத்தில் நம்மைவிட நன்றாக யோசித்திருக்கின்றன. அங்கே திசு என்பது இழையம். இணைப்புத் திசு, தொடுப்பிழையம்.

தொடுப்பது என்றால் நமக்கு முதலில் பூ. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிற பழமொழி, நாரைப் பூவின் தயவில் பிழைக்கும் ஏழைச் சொந்தமாகப் பார்க்கிறது. பூக்கட்டுகிறவர்கள் அப்படிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எங்கள் தெருமுனையில் கட்டும் அக்கா காலையில் வந்து உட்கார்ந்ததும் மல்லியைத் தொடமாட்டார். முதலில் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் போடுவார். காய்ந்த நார் விரலில் சுற்றும்போதே ஒடியும். ஈரம் ஏறிய நார் இறுக்கினால் இறுகும், காம்பை அறுக்காது. கட்டாத பூவுக்கு உதிரி என்று பெயர், எடை போட்டு விலை. கட்டிவிட்டால் முழம். பூ அதே பூதான்.

உடம்பின் மற்ற திசுக்களில் செல்கள் அக்கிரகாரத்து வீடுகள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். தொடுப்பிழையத்தில் செல்கள் குறைவு, வெளி அதிகம். கரிசல் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் குடிசைகளை நினைத்துக்கொள்ளலாம். அந்த வெளி சும்மா கிடப்பதல்ல. குடிசைக்காரர்களே பண்படுத்தி வைத்தது. நாரை உண்டாக்கும் செல் புரத இழைகளைத் தனக்குள் திரித்து வெளியே தள்ளுகிறது. வெளியே போனபின் அவை ஒன்றோடொன்று பக்கவாட்டில் சேர்ந்து கயிறாகின்றன. கயிறுகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கும் வழவழப்பான கூழ். அதில் முக்கியமான சரக்கு ஹைலூரானிக் அமிலம். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாக்களில் பெரிய எழுத்தில் அச்சாகிறது.

நார், கூழ், செல் மூன்றின் விகிதம் மாறினால் பொருளே மாறிவிடும். நார்கள் ஒரே திசையில் நெருங்கிப் படுத்தால் குதிகால் நாண். பல திசைகளில் பின்னிக்கொண்டால் தோல். கூழ் மிகுந்து விறைத்தால் குருத்தெலும்பு. நாரின் மேல் கால்சிய உப்பு படிந்தால் எலும்பு. செல்களுக்கு நடுவில் இருப்பது தண்ணீராகவே ஓடினால் ரத்தம். அதிலும் வெட்டுப்பட்ட இடத்தில் உறையும்போது நார் ஓடும். வாத்தியாரிடம் கேட்காத கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்து இப்படி ஒரு பதில் கிடைத்தது. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளில் செந்நீர், கொழுப்பு, என்பு, மூளை ஆகிய நான்கும் இன்றைய கணக்கில் இந்தக் குடும்பத்தில்தான் வரும். (மூளை என்றால் இங்கே எலும்புக்குள் இருக்கும் மச்சை.) இதைக் காட்டி நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று கொடியேற்ற எனக்கு விருப்பமில்லை. கட்டு என்ற சொல் மட்டும் பிடித்திருக்கிறது.

மருத்துவம் படித்த நண்பன் ஒருவன் தன் முதல் வருடத்தைப் பற்றிச் சொல்வான். பிணத்தின் முன்னால் நிற்கும் மாணவனுக்கு முதல் வேலை 'சுத்தம் பண்ணுவது'. தசையைச் சுற்றியும் நரம்பைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி ஒட்டியிருக்கும் வெள்ளையைச் சுரண்டிச் சுரண்டி வாளியில் போட வேண்டும். அப்போதுதான் புத்தகத்துப் படம் மாதிரி தெரியும். படத்தில் தசை சிவப்பு, தமனி இன்னும் சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். வெள்ளைக்கு அங்கே இடம் இல்லை. "ஒரு வருஷம் முழுக்க நாங்க வாளியில போட்டது என்னன்னு யாரும் கேக்கல" என்பான். பாய் கடையும் மருத்துவக் கல்லூரியும் ஒரே மாதிரிதான் கத்தி பிடிக்கின்றன போலும்.

வாளிக்குப் போனதில் பெரும்பகுதி கொலாஜன். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அது ஒன்றுதான். கிரேக்கத்தில் கொல்லா என்றால் பசை. பசையைத் தருவது என்ற பொருளில் வந்த பெயர். நம் தச்சர்களுக்கு இது புதிதல்ல. தோல் துண்டையும் எலும்பையும் கொதிக்கவைத்துக் காய்ச்சிய வஜ்ஜிரத்தைத்தான் பட்டறையில் உருக்கிக் கட்டிலையும் பீரோவையும் ஒட்டினார்கள். அதன் நாற்றத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமையலறைக்கும் புதிதல்ல. ஆட்டுக்கால் பாயாவை இரவு முழுக்க அடுப்பில் விட்டால், எலும்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்த நார் அவிழ்ந்து சாற்றில் கரைகிறது. குடித்துவிட்டு உதட்டோடு உதட்டைச் சேர்த்தால் ஒட்டும். மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அல்வா மாதிரி ஆடும். ஜவ்வு வேண்டாம் என்று பாயிடம் சொல்கிற அதே நான், சளி பிடித்தால் பாயாவுக்கு அலைவேன்.

இந்த நாரின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தது சென்னையில் என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன் அப்போது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் போய்வந்தவர். கிண்டியில் எக்ஸ்ரே ஆய்வகம் அமைத்தாகிவிட்டது. எதைப் படம் பிடிப்பது என்பதுதான் கேள்வி. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல், கொலாஜனுக்கு இதுவரை வெளியான மாதிரிகள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். நார் எங்கே கிடைக்கும்? பக்கத்திலேயே, அடையாறில், 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து வந்தது கங்காருவின் வால் நாண். தாவிப் பிழைக்கும் பிராணி. அதன் வாலில் நார்கள் நீளமாக, கோணல் இல்லாமல், ஒரே வாக்கில் படுத்திருக்கும். எக்ஸ்ரே படம் துலக்கமாக விழுந்தது.

ராமச்சந்திரனும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முதல் மாதிரியை வெளியிட்டார்கள். ஒரு கொலாஜன் மூலக்கூறு என்பது தனி இழை அல்ல, மூன்று இழைகள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, தனித்தனியாகச் சுருண்ட மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மறுபடி முறுக்கேறியிருக்கின்றன என்றார்கள். முப்புரிக் கயிறு. ஒவ்வோர் இழையிலும் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். இருபது வகை அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். மூன்று இழைகளும் நெருங்கும் மையத்தில் வேறு எதற்கும் இடம் போதாது. ஆகவே இழை எப்படிச் சுருண்டாலும் கிளைசின் உள்பக்கம் பார்த்தே நிற்க வேண்டும். பூமியைச் சுற்றும் நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றுகிறதே, அதிலிருந்துதான் ராமச்சந்திரனுக்கு இந்த இரண்டாவது முறுக்கு பிடிபட்டது என்று அவர் குழுவில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆட்டுக்கால் நாருக்கு நிலாவில் விடை தேடிய மனிதர் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆயிரம் இடங்களில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் இன்று தெரியும். சில குழந்தைகளுக்குத் தூக்கும்போதே எலும்பு முறிகிறது.

சண்டை இல்லாமல் இது முடியவில்லை. டிஎன்ஏ புகழோடு இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-ல் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். முப்புரி சரிதான், ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவு நெருங்கி நிற்கின்றன, இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த படிகங்களையெல்லாம் அளந்து, கணக்குப் போட்டு, 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டதுதான் இன்று உலகெங்கும் புரதம் படிப்பவர்கள் முதல் பாடமாகப் பார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம். 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது முப்புரி முறுக்கு அப்படியே இருந்தது; நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று சொல்ல மாட்டேன். கயிறு சென்னையில் திரித்தது, முடிச்சு மட்டும் வெளியூர். தோல் ஆராய்ச்சி நிலையத்தில் 'ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்' என்ற பெயரில் ஓர் அரங்கமே இருக்கிறது.

தோல் நிலையம் இந்த ஊரில் வந்தது தற்செயல் அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் பதனிடும் ஊர்கள் நம்மிடம் வரிசையாக உண்டு. பதனிடுதல் என்பதே, வேறு எல்லாவற்றையும் விலக்கிவிட்டுக் கொலாஜனை மட்டும் மிச்சம் பிடிக்கும் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்தால் மேல்தோலும் மயிரும் கழன்றுவிடும். உள்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் கத்தியால் வழித்தெடுப்பார்கள். நடுவில் நிற்பது நார்ப் பின்னல். அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகும், வெயிலில் தகடாக விறைக்கும். ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாள்கணக்கில் கிடந்தால் பட்டையின் துவர்ப்பு நாருக்கும் நாருக்கும் நடுவில் புகுந்து கொக்கி போடுகிறது. பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும்; குரோமியம் ஏற்றிய தோல் கொதிநீரையும் தாங்கும். அந்தக் குரோமியம் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன கதை.

நாருக்கும் ஈரத்துக்கும் உள்ள கணக்கை நம் ஊரில் கைவழியாக அறிந்தவர்கள் யார் என்று பார்த்தால், எல்லாரும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். செத்த மாட்டைச் சுமந்தவர்கள், உரித்தவர்கள், குழியில் இறங்கி மிதித்தவர்கள். பறையை அடிப்பதற்கு முன் தீயில் காட்டுகிறார்களே, தோலின் நார் குடித்த ஈரத்தை வெளியேற்றிச் சுருதி ஏற்றுவது அது. மிருதங்கத்துக்கு எந்தத் தோல், எவ்வளவு தடிமன், எந்தப் பதம் என்று விரலால் அறிந்தவர்கள் கச்சேரி மேடையின் பின்கட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அறிவை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தியது நம் சமூகத்தின் பழைய கெட்டிக்காரத்தனம். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கொலாஜனைப் பற்றித் தமிழில் வந்த முக்கியமான புத்தகம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்தப் புரதத்தின் பெயர் அதில் வர வேண்டிய அவசியமே இல்லை.

தோள் வலியில் தூக்கம் வராத இரவுகளில் நான் படித்த இன்னொரு விஷயம் இதைவிட அதிகமாக என்னை அலைக்கழித்தது.

1740-ல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி ஆறு போர்க்கப்பல்களோடு உலகைச் சுற்றக் கிளம்பினார். 1744-ல் திரும்பி வந்தது ஒன்று. போனவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது எதிரி அல்ல, ஸ்கர்வி. ஈறு வீங்கி, பல் ஆடி, தோலுக்கடியில் ரத்தம் கட்டி, எழுந்து நின்றால் விழுந்து சாகும் நோய். கப்பலில் பாதிரியாராக இருந்த ரிச்சர்ட் வால்ட்டரின் பெயரில் 1748-ல் வெளியான பயணநூலில் ஒரு கிழவரைப் பற்றி வருகிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், 1690-ல், அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர். அப்போதே ஆறிவிட்டது, பல காலம் நன்றாகவும் இருந்தார். ஸ்கர்வி முற்றியதும் அந்தப் பழைய காயங்கள், ஆறவே ஆறாதவை போல மறுபடி வாய் திறந்தன. எப்போதோ முறிந்து கூடிய எலும்பும் கூடிய இடத்திலேயே கரைந்து விலகிக்கொண்டது.

இதற்குக் காரணம் ரசாயனம். இழையில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றுக்கு ஒரு சின்ன ஒட்டு வைக்க வேண்டும். அந்த வேலை நடக்க வைட்டமின் சி வேண்டும். ஒட்டு வைக்காத முப்புரி 24 டிகிரியிலேயே பிரிந்துவிடும். நம் உடம்பின் சூடு 37. அதாவது திரிக்கும்போதே அவிழும் கயிறு. ஆடு, மாடு தம் வைட்டமின் சியைத் தாமே செய்துகொள்கின்றன. மனிதனும் குரங்கும் கினிப்பன்றியும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோய்ப்பட்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறுவித மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள், அவர்களில் ஒருவர் ஆறே நாளில். நெல்லிக்காய் விளையும் ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது வாய் ஊறுகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது எலுமிச்சை அல்ல, அந்தக் கிழவரின் தழும்பு. தழும்பு என்றால் முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். என் இடது முழங்காலில் ஏழு வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பு இருக்கிறது. அது அங்கே சும்மா இல்லை. பழைய நாரைத் தின்று புது நாரை வைக்கும் வேலை அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தின்பது நிற்காமல் வைப்பது மட்டும் நின்றால் ஐம்பது வருஷம் ஒன்றுமில்லை. எத்தனை நாள் ஆறினாலும் தழும்பின் பலம் பழைய தோலில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது என்று அறுவை மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. குறையாகவே இருந்துகொண்டு, தினமும் கூலி கேட்கும் ஒட்டு.

இப்படி ஒரு முடிவுக்கு வந்து, உடம்பு என்பது ஓயாத மராமத்து என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகு, அதற்கு நேர்மாறான ஒன்றைப் படித்தேன். அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்த காலத்தில், குறிப்பாக 1955-லிருந்து 1963 வரை, காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்காகிப் பிறகு வருஷா வருஷம் குறைந்தது. காற்றில் இருப்பது நெல்லுக்கு வருகிறது, நெல்லிலிருந்து நமக்கு. அதனால் உடம்பின் ஒரு துண்டில் இந்தக் கார்பன் எவ்வளவு என்று அளந்தால், அந்தத் துண்டு எந்த வருஷத்தில் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் இறந்தவர்களின் குதிகால் நாணை இப்படி அளந்தார்கள். நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயது வரை கட்டப்பட்டது. அதற்குப் பிறகு மாற்றப்படவே இல்லை. நெதர்லாந்தில் 2000-ல் வந்த கணக்கு ஒன்று, தோலின் கொலாஜனில் பாதி மாறச் சுமார் 15 வருஷம் என்கிறது. குருத்தெலும்பில் பாதி மாற 117 வருஷம். அவ்வளவு காலம் யார் இருக்கப்போகிறார்கள்? பாட்டிக்கு முட்டி தேய்ந்தால் தேய்ந்ததுதான் என்பதன் விளக்கம் இது.

நான் 1971-ல் பிறந்தவன். அப்படியானால் நான் நடக்கும்போது உடம்பை முன்னே தள்ளும் அந்த நாண், 1988-க்குள் நான் தின்ற சோற்றால் ஆனது. ரேஷன் அரிசி, சத்துணவுக் கூடத்துச் சோறு, பள்ளிக்கூட வாசலில் வாங்கிய கமர்கட்டு. பசிபிக் தீவுகளிலும் ஆர்க்டிக் பனியிலும் வெடித்த குண்டுகளின் கரியும் கொஞ்சம் அதில் இருக்கும். அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட எந்தக் கல்யாண விருந்தும் அங்கே போய்ச் சேரவில்லை. தழும்பு நேற்றைய வயது, தோல் பத்துப் பதினைந்து வயது, குதிகாலின் நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பையன். ஜாதகத்தில் போட்டிருக்கும் வயது இதில் யாருடையது என்று தெரியவில்லை.

மாறாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, நீண்ட காலம் இருக்கும் நாரில் போய் ஒட்டுகிறது. ரொட்டியைச் சுட்டால் மேல்பக்கம் பழுப்பாவதும் இதே வகை வினைதான். ஒட்டிய சர்க்கரை காலப்போக்கில் இரண்டு நார்களுக்கு நடுவே பாலம் போடும். நார் பழுப்படையும், விறைக்கும். எல்லாருக்கும் வயதானால் நடப்பது, சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சீக்கிரம் நடக்கிறது. என் தோள் இறுகியதற்கு முழுக் காரணம் இது என்று டாக்டர் சொல்லவில்லை. நார் செய்யும் செல்கள் காரணமில்லாமல் பதறிப்போய்த் தேவைக்கு மேல் நெய்துவிடுவதும் உண்டாம். ஆனால் பட்டைச் சாற்றுக் குழியில் தோலுக்கு நடப்பதைப் படித்தவனுக்கு இது என்ன என்று தெரியாமல் போகுமா? என்னை யாரோ உள்ளுக்குள் பதனிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருஷக் காபிச் சர்க்கரையில்.

பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்கு என் மகன் வயது இருக்கும். முதல் நாள் என் கையை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், வலிக்குதுன்னு ஆட்டாம வச்சுக்கிட்டீங்கல்ல, அதுல இன்னும் இறுகிருச்சு" என்றாள். எவ்வளவு நாள் ஆகும்மா என்றேன். "வருஷம் ஒண்ணும் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். தானாவும் விடும். நாம கொஞ்சம் கெஞ்சிப் பாக்கலாம்." முதலில் வெந்நீர் ஒத்தடம். பிறகு சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரல்களால் சுவரில் நடந்து நடந்து மேலே ஏற வேண்டும். வலி நிறுத்தும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும்.

வீட்டில் அதற்கு வாகான சுவர் ஒன்றுதான். கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடம். என் மகன் வளர்ந்த கோடுகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த ஒரு கை அகலத்தை மட்டும் விடச் சொல்லியிருந்தாள் மனைவி. அவன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். ஆவணியில் நான் போட்ட முதல் கோடு அவனுடைய ஆறாம் வகுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. தீபாவளிக்கு எட்டாம் வகுப்பு. மார்கழிக் குளிரில் இரண்டு வாரம் ஏறவே இல்லை. போன வாரம் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டேன். பிளஸ் டூ கோட்டுக்கு இன்னும் நாலு விரல்கடை இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை.